பூட்டின போனில் போன ஃபைல்

எங்கள் வீட்டுப் போனுக்குப் பூட்டு வந்ததற்குக் காரணம் நான்தான். காஞ்சன்பாக் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அப்போது எல்லார் வீட்டிலும் போன் கிடையாது. யாராவது வாசலில் வந்து நின்று, "ஆன்ட்டி, ஒக்க போன் சேசுகுண்டானு" என்று தெலுங்கில் போன் பண்ணிக்கொள்ளக் கேட்டால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. தலையை ஆட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வேன். எதிர்வீட்டு அம்மா தன் நாத்தனாரைப் பற்றித் தன் தங்கையிடம் முழுக்கச் சொல்லி முடிக்கிற வரை நான் வெளியே வர மாட்டேன். என் வீட்டில் எனக்கே கூச்சம்.

என் வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு எக்ஸ்சேஞ்சில் எழுதிக் கொடுத்து ஒரு ரகசிய எண் வாங்கி வந்தார். அதை அழுத்திப் பூட்டிவிட்டால் வெளியிலிருந்து போன் வரும், இங்கிருந்து போகாது. மறுபடி அழுத்தினால்தான் திறக்கும். "இனிமே யார் கேட்டாலும் லாக்குன்னு சொல்லு, உனக்கும் பொய் சொன்ன பாவம் இல்லை" என்றார். எதிர்வீட்டு அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த எண்ணை என்னிடம்கூட அவர் சொல்லவில்லை. தினமும் காலை ஃபேக்டரிக்குக் கிளம்புகிறபோது, முதுகைக் காட்டி நின்று, தோள் துண்டால் போனை மூடிக்கொண்டு அழுத்துவார். ஆனால் முப்பது வருஷம் மிஷின் சத்தத்தில் நின்றதில் அவருக்குக் காது மந்தம். மனசுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு "நாலு... ஏழு... ஏழு... ஒண்ணு" என்று, நான் பாத்திரம் தேய்க்கிற இடம் வரை கேட்கிற மாதிரிச் சொல்லுவார்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். இருந்தாலும் நாலு எண் மறக்குமா?

எனக்குப் போன் என்றாலே பயம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அது பாதிதான் உண்மை. எடுத்ததும் எதிரில் யாராவது "யார் பேசறது?" என்று கேட்பார்களே, அதற்குத்தான் பயம். ஆனால் ஒரு நம்பர் இருந்தது. அதை அழுத்தினால் ஒரு பெண் மணி என்ன, நிமிஷம் என்ன என்று தெலுங்கில் சொல்லுவாள், இந்தியில் சொல்லுவாள், இங்கிலீஷில் சொல்லுவாள். நீ யார், எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். பகலில் எல்லாரும் போன பிறகு, பூட்டைத் திறந்து, அவள் பேசுவதை ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டுத் திரும்பப் பூட்டி வைப்பேன். நான் தெலுங்கில் எண்ணக் கற்றுக்கொண்டது அவளிடம்தான். அவரிடம் இதை எப்படிச் சொல்வது? சுவரில் இவ்வளவு பெரிய கடிகாரம் இருக்கிறதே.

இப்படி இருக்கும்போதுதான் என் தங்கை மகள் லேப்டாப்போடு வந்தாள். ஊரிலிருந்து வந்து இங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம். ஹாஸ்டலில் இருந்தாள். சனி ஞாயிறு என் காரக்குழம்புக்காக வந்துவிடுவாள். அந்த வருஷம் கம்பெனிகளில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அவளோடு சேர்ந்த பிள்ளைகளில் சில பேரை அனுப்பியும் விட்டார்கள். அந்தச் சனிக்கிழமை ஆபீஸுக்கு வரச் சொன்ன மேனேஜரிடம், பெரியம்மா வீட்டில் போன் இருக்கிறது, அங்கிருந்தே பன்னிரண்டு மணிக்குள் ஃபைலை அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லி, ஆபீஸ் லேப்டாப்பை வாங்கி வந்திருந்தாள். பன்னிரண்டைத் தாண்டினால் திங்கட்கிழமை தன் பெயரும் அந்த லிஸ்டில் வரும் என்றாள்.

ஒன்பதரைக்குப் போன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி லேப்டாப்பில் சொருகினாள். அது தானாகவே டயல் செய்தது. பிறகு அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல், இந்த வசதி உங்கள் போனுக்குக் கிடையாது என்று தெலுங்கில் சொன்னது.

"பெரியம்மா, போன் லாக்கா?"

ஆமாம், பெரியப்பாவுக்குத்தான் தெரியும் என்றேன். ஃபேக்டரிக்குள் இருக்கிற அவரைப் பிடிக்க முடியாது. அவராகக் கேன்டீனிலிருந்து கூப்பிட்டால்தான் உண்டு. முச்சந்தியில் இன்டர்நெட் சென்டர் இருந்தது, ஆனால் ஆபீஸ் வேலையை வெளி மிஷினில் திறக்கக் கூடாதாம். எதிர்வீட்டில் கேட்கலாமா என்றாள். பேச்சே இல்லாத வீட்டில் போய், உங்கள் போனை ஒரு மணி நேரம் பிடுங்கிக்கொள்கிறோம் என்று நான் எந்த வாயால் கேட்பேன்?

பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. அவள் அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை. அம்மாவுக்குப் போன் போட்டு என்ன சொல்வது என்று தனக்குத்தானே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் வெங்காயம் உரிக்க முடியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வயரைத் திரும்பப் போனில் மாட்டச் சொன்னேன். மாட்டினாள். அழுத்தினேன். திறந்துகொண்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ உன் வேலையைப் பாரு."

லேப்டாப் இந்த முறை கொக்கரித்தது, கீச்சிட்டது, தகரத்தை இழுத்த மாதிரிக் கத்தியது. கடைசியில் அமைதியாகி, திரையில் கோடு ஒன்று நத்தை மாதிரி நகர ஆரம்பித்தது. நடுவில் அறுந்தால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும் என்றாள். ஃபேனைப் போட்டால் அறுந்துவிடுமோ என்று நான் ஃபேனைக்கூட நிறுத்தினேன்.

நான் மறந்துபோனது ஒன்று உண்டு. தினமும் பதினொரு மணிக்கு டீ இடைவேளையில் அவர் கூப்பிடுவார். இரண்டு முறை மணி அடித்து வைத்துவிட்டு மறுபடி அடிப்பார். அப்படி வந்தால் மட்டும்தான் நான் எடுப்பேன். அன்று அவருக்கு எங்கேஜ்டு என்று வந்திருக்கிறது. பத்து நிமிஷம் கழித்தும் எங்கேஜ்டு. பூட்டின போன். உள்ளே பேசத் தெரியாத மனைவி. மனுஷன் கேட் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்துவிட்டார். காரணம் என்ற இடத்தில் 'டெலிபோன்' என்று எழுதினாராம்.

உள்ளே வந்தவர் லேப்டாப்பைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், ஊமையாகக் கிடந்த போனைப் பார்த்தார். தங்கை மகள் ஏதோ விளக்க ஆரம்பித்தாள்.

"நக்கோம்மா, எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். முதல்ல போனை மாட்டிப் பாக்கறேன்" என்று வயரைப் பிடிக்கக் குனிந்தார்.

கோடு முடிய இன்னும் இரண்டு விரற்கடை இருந்தது. மணி பதினொன்றே முக்கால். நான் போய்ச் சுவருக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். அவரை மறித்து நான் நின்றது கல்யாணமான நாளாக அதுதான் முதல் தடவை.

"தொடாதீங்க. பிள்ளை வேலை போயிரும்."

காதில் விழவில்லையோ என்று இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். அது எதிர்வீடு வரை கேட்டிருக்கும். அவர் நிமிர்ந்துவிட்டார்.

"பூட்டின போனை யார் திறந்தது?"

"நான்தான். நாலு ஏழு ஏழு ஒண்ணு."

"யார் சொன்னா உனக்கு?"

"நீங்கதான். தினம் காலையில சொல்லிட்டுத்தானே போறீங்க."

தங்கை மகள் லேப்டாப் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூவரும் அந்தக் கோட்டையே பார்த்தோம். பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது அது முடிந்தது. சற்று நேரத்தில் மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். "ஓகே" என்றாள். இத்தனை பாட்டுக்கும் அவ்வளவுதான்.

போனை மாட்டிய பிறகு, பூட்டைத் திறந்து யாரோடு பேசுவாய் என்று அவர் மெதுவாகக் கேட்டார். மணி சொல்கிற அந்த நம்பரை அழுத்தி ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன். "ஹலோ" என்றார். "ஹலோ, யாரம்மா நீங்க?" என்றார். மூன்று பாஷையும் முடிகிற வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கைக்கடிகாரத்தை நாலு நிமிஷம் முன்னால் திருப்பி வைத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனார்.

திங்கட்கிழமை தங்கை மகள் பெயர் லிஸ்டில் வரவில்லை. அன்று காலையே அவர் ரகசிய எண்ணை மாற்றிவிட்டார். முதுகைக் காட்டி நின்று, துண்டால் மூடிக்கொண்டு, இந்த முறை ரொம்ப எச்சரிக்கையாக, ஒவ்வொரு எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.