சித்திரை முகூர்த்தமும் சம்பாஞ் உறைபனியும்

சென்ற கார்த்திகையில் ஒரு முற்பகல். பிரான்சில், லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவின் தேநீர்க் கடையொன்றில் நாளேட்டை விரித்து வைத்திருந்தேன். எதிரே, புறநகர்ப் பொண்டியில் குடியிருக்கும் சிவநேசன். சம்பாஞ் வட்டாரத்துத் திராட்சைத் தோட்டமொன்றில் பதினான்கு ஆண்டுகளாகக் கொடி வெட்டுபவர். சித்திரையில் அவர் மகள் நிருஜாவுக்குத் திருமணம். நாள் குறித்துக் கொடுத்தவன் அடியேன்தான்.

"நற்செய்தி கேளும்! இம்முறை குளிர் வழமையிலும் குறைவாம். உமது சம்பாஞ் பக்கமும் அப்படியே" என்று பருவகால முன்னறிவிப்பை வாசித்துக் காட்டினேன்.

கடிக்கப்போன ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டார் மனிதர்.

"ஐயா, அது நல்ல செய்தியில்லை."

வெதுவெதுப்பான குளிர்காலம் யாருக்குத்தான் கசக்கும்?

"கொடிக்குக் கசக்கும் ஐயா. மாசியிலை சூடு பட்டால் வெள்ளனத் தளிர்த்துப்போடும். பிறகு சித்திரையிலை ஒரேயொரு இரவு உறைபனி விழுந்தால் காணும்... குருத்தெல்லாம் கருகிப்போம். குளிர் அண்டாமல் வரிசைக்கு வரிசை மெழுகு வாளி கொளுத்தி வைக்கவேணும். அந்தச் சரிவு முழுக்க என்ரை பொறுப்பு."

"இரண்டு நாள் விடுப்புக் கேளுமேன்?"

"முதலாளி தருவார். பனி தராதே!"

நட்சத்திரம் பார்த்தேன், இலக்கினம் பார்த்தேன், இராகு காலம் விலக்கினேன். மணப்பெண்ணின் தந்தை அந்நாளில் எங்கே நிற்கவேண்டியவர் என்பதை மட்டும் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு பிரான்சில் நாள் குறிப்பவனுக்கு இவ்வளவு கூடவா தோன்றாது?

உடனே வைகாசிக் கடைசியில் வேறொரு முகூர்த்தம் தேடி எடுத்தேன். மே நடுப்பகுதி கடந்தால் உறைபனி அச்சம் நீங்கிவிடுமாம். மண்டபமும் கிடைத்தது. ஆனால், வில்லியே லே பெல்லிலிருந்து மணமகனின் தாயார் தொலைபேசியில் பொரிந்து தள்ளினார்.

"ஐயா, கலியாணம் ஆருக்கு? பிள்ளைக்கோ, முந்திரிகைக் கொடிக்கோ? வாளி கொளுத்த வேறை ஆளில்லையாமோ?"

அதே இணைப்பில் இருந்த நிருஜாவே முந்திக்கொண்டாள்.

"நோன், இல்லை மாமி. அப்பா இல்லாமல் நான் மணவறையிலை ஏறமாட்டன்."

பிறகென்ன, நாள் மாறியது.

குளிர்காலம் முன்னறிவித்தபடியே மென்மையாகக் கழிந்தது. கொடிகளும் முந்தித் தளிர்த்தன. சித்திரை வந்தது... உறைபனி மட்டும் வரவேயில்லை! நான் முதலில் குறித்த நாளிலோ பொன்போல் வெயில்.

சென்ற ஞாயிறு திருமணம். சம்பந்தியம்மா சும்மா இருப்பாரா? தாலி ஏறிய கையோடு, நாலு பேர் கேட்கக் கேட்டார்:

"எங்கை சிவநேசன் அண்ணை, உங்கடை பனி?"

வராத தீங்குக்கு அஞ்சியவரை யார்தான் விட்டுவைப்பார்கள்? காப்புச் செய்த பின் கேடு வந்தால் அவர் அறிவாளி, வராவிட்டால் கோமாளி. ஏற்பாடு என்னவோ ஒன்றுதான்!

சிவநேசன் பட்டு வேட்டியைச் சரிசெய்தபடி சிரித்தார்.

"நல்லாய்ப் பகிடி பண்ணுங்கோ, சம்மந்தி. கொடியும் நிக்குது... நானும் இஞ்சை நிக்கிறன்."

இப்போதெல்லாம் நாள் குறிக்க வருவோரிடம் முதலில் தொழிலைக் கேட்கிறேன் — நட்சத்திரம் பிறகு.