முப்பத்திரண்டு பேரும் இருக்கிறார்கள்

வெளிநாட்டுச் சுற்றுலா அனுப்பும் கம்பெனியில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவருக்கு ஒன்பது பாஷை தெரியும் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் ஒன்பதிலும் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்: "தப்பு எங்கள்மேல்தான், மன்னித்துக்கொள்ளுங்கள்." தாகம் எடுத்தால்கூட முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்த் தண்ணீர் கேட்பார். அலுவலகத்தில் அவருக்கு மன்னிப்பு மன்னர் என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது முதலாளியே "மன்னரைக் கூப்பிடு" என்கிறார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இந்தத் திறமை அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. பெட்டிகளில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவரை, குழுவை அழைத்துப் போக வேண்டியவர் காலை உடைத்துக்கொண்டதால், ஒருநாள் திடீரென்று விமானம் ஏற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு பழைய அரண்மனை. குழுவில் வந்த துணிக்கடைக்காரர் ஒருவர் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய், முந்நூறு வருடத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "எடு, எடு" என்று மனைவியைப் படம் எடுக்கச் சொன்னார். இரண்டு காவலர்கள் ஓடி வந்தார்கள். மன்னரின் சட்டைப்பையில் அந்த ஊர்ப் பாஷையில் ஐந்து வாக்கியம் எழுதிய துண்டுச்சீட்டு இருந்தது. மூன்றாவதாக இருந்த மன்னிப்பு வாக்கியத்தைப் படித்தார். பயத்தில் கண் கலங்கியது, குரல் தழுதழுத்தது, தலை தானாகக் குனிந்தது. காவலர்களில் மூத்தவர் உருகிப் போய்விட்டார். துணிக்கடைக்காரரைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, நாற்காலி பின்னால் தெரிகிற மாதிரி அவரே படம் எடுத்துக் கொடுத்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தது பிழைப்பு. நம்மவர்களும் அவருக்கு வேலையில்லாமல் வைக்கவில்லை. பேசவே கூடாது என்று எழுதிப் போட்டிருக்கும் ரயில் பெட்டியில் ஒருவர் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, "பாருங்க, எவ்ளோ அமைதியா இருக்குன்னு பாருங்க" என்று பெட்டி அதிரக் கத்தினார். ஓட்டலில் காலைச் சாப்பாட்டை இலவசமாகக் கண்ட ஒரு தம்பதி, பதினான்கு அவித்த முட்டைகளைக் கைப்பைக்குள் அடக்கினார்கள். வரவேற்பறையில் பையின் ஜிப் பிரிந்தது. இன்னொரு மகானுபாவர் ஈரப் பனியனை மேசை விளக்கின் மேல் காயப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். காலை ஏழு மணிக்கு அபாய மணி அடித்து, ஐந்து மாடி ஓட்டலும் துண்டோடு தெருவில் நின்றது. மன்னர் தீயணைப்பு அதிகாரிகள் மூவரிடமும் பதவி வரிசைப்படி மன்னிப்புக் கேட்டார். பனியன்காரரோ, "அது நல்ல பனியன் சார், போச்சு" என்று அவரிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் கம்பெனி மாடியில், பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, பயணிகளுக்கு மன்னர் ஒரு வகுப்பு எடுப்பார். "வரிசையில நுழையாதீங்க. அந்த ஊர்க்காரங்களுக்கு வழி விடுங்க. நாம விருந்தாளி, அவங்க வீட்டுக்காரங்க" என்று தொடங்கி ஒரு மணி நேரம் போகும். கடைசிப் பாடம்தான் அவருக்குப் பிடித்தது. குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "தப்பு பண்ணிட்டா மன்னிப்புக் கேளுங்க. காரணம் சொல்லாதீங்க. காரணம் சொன்னா அது மன்னிப்பு இல்ல, வாதம்."

இந்த வருடம் அந்த வாக்கியத்துக்குக் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. சிரித்தவர் அவருடைய மனைவி.

மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசை வேலை. இருபத்தாறு வருட உழைப்பைப் பாராட்டி முதலாளி மன்னருக்கு ஒரு சால்வை போர்த்தினார். போர்த்திய வேகத்தில் மனம் இளகி, "இந்தத் தடவ வீட்டம்மாவையும் சும்மா கூட்டிட்டுப் போங்க" என்றார். சால்வையை மடித்து வைப்பதற்குள் சுதாரித்துக்கொண்டு, "பஸ்ல தண்ணி பாட்டில் மட்டும் அவங்க குடுத்துட்டு வரட்டும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த அம்மா சிரித்ததற்குக் காரணம் உண்டு. ஒன்பது பாஷையில் மன்னிப்புக் கேட்கிற மனுஷன் வாயிலிருந்து வீட்டில் அந்தச் சொல் ஒருமுறைகூட வந்ததில்லை. அதற்குப் பதிலாகச் சாமான்கள் வந்தன. ஒருநாள் மனைவி குளித்துக்கொண்டிருப்பதை மறந்து, வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து, "பூட்டு பழசு, அதான்" என்றார். பூட்டு பழசானால் ஆள் உள்ளே இருப்பது எப்படி மறக்கும் என்பதை அவர் விளக்கவில்லை. மறுநாள் புதுப் பூட்டு வந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள், "ஃபேன் நல்லாருக்கே" என்றால் மனைவி சொல்வார்: "அதுவா? பொண்ணு பள்ளிக்கூடத்துல பரிசு வாங்குன அன்னிக்கு இவரு வர மறந்துட்டாரு. அந்த ஃபேன்." மிக்சி, மாமியாரின் கண் ஆபரேஷன் அன்று அவர் தூங்கிப்போனது.

புறப்படுமுன் கல்யாணமாகிப் போன மகளிடம் மனைவி போனில் சொன்னார்: "உங்கப்பா ஊருக்கெல்லாம் மன்னிப்புக் கேக்குறத இந்தத் தடவ கண்ணால பாக்கப் போறேன். எனக்கும் ஒரு தடவ கேக்குறாரான்னு பாப்போம். இல்லேன்னா திரும்பி வந்து உன்னோடவே தங்கிடுவேன்." மகள் சிரித்தாள். பக்கத்து அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மன்னரும் அதைக் கேட்டார். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் மனைவிக்குக் கடைசி வரிசை, தண்ணீர்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில். பயணிகள் முப்பத்திரண்டு பேருக்கும் இருக்கை எண் உண்டு, சும்மா வந்தவருக்கு இல்லை. அவருக்கு முன் வரிசையில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கால் நீட்ட இடம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கிய இருக்கையில் இருந்தார். காது கொஞ்சம் மந்தம், அதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. மன்னர் மைக்கில் எதைச் சொன்னாலும், "பின்னாடி கேக்கல!" என்று கை தூக்குவார். ஆனால் மன்னர் ஆள் எண்ணுகிற முறையை அவர் மெச்சினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மன்னர் பட்டியலைப் பிடித்துக்கொண்டு எண்ணைக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும். முப்பத்திரண்டும் வந்தால்தான் பஸ் நகரும். இருபத்தாறு வருடத்தில் ஒருத்தரைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை என்பது மன்னரின் பெருமை.

மனைவியின் போனையும் பாஸ்போர்ட்டையும் "நீ தொலைச்சிடுவ" என்று அவரே வாங்கித் தன் பையில் வைத்திருந்தார்.

ஐந்தாம் நாள் காலை ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார்கள். கூடவே ஒரு கடை, அதன் பின்னால் கழிப்பறை. மனைவி வரிசையில் நின்றார். அந்த ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வர, வகுப்பில் படித்த பாடத்தை நினைத்து, "நீங்க போங்க" என்று சிரித்துக் கை காட்டினார். அப்படி ஆறு பேருக்கு வழி விட்டார். நாம் விருந்தாளி அல்லவா. அவர் வெளியே வந்தபோது பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

பஸ்ஸில் முப்பத்திரண்டு எண்ணுக்கும் "இருக்கேன்" வந்திருந்தது. கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

நாற்பது நிமிடம் கழித்துத் தலைமையாசிரியர் கை தூக்கினார். "ரொம்ப நேரமா தண்ணி கேக்குறேன், யாரும் காது குடுக்கல!"

மன்னர் எட்டிப் பார்த்தார். கடைசி வரிசையில் தண்ணீர்ப் பெட்டிகள் இருந்தன, ஒரு கைக்குட்டை இருந்தது.  அவருடைய பையில் இரண்டு பாஸ்போர்ட், இரண்டு போன். அவள் கையில் ஒன்றுமே இல்லை, பாஷையும் இல்லை. அரண்மனைக் காவலர்கள் ஓடி வந்த அன்றுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை. டிரைவர் பஸ்ஸைத் திருப்ப முடியாது என்று கையை விரித்துவிட்டார். குழுவை ஒரு ஏரிக்கரையில் இறக்கி, "இதான் இன்னிக்கு முக்கியமான இடம், நிதானமா பாருங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு டாக்சி பிடித்தார்.

கடைக்குள் நுழைந்தபோது மனைவி கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பிஸ்கட் பாக்கெட்டுகளில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். கண் வீங்கியிருந்தது. மன்னர் வாயைத் திறப்பதற்குள் கடைக்கார அம்மா வந்துவிட்டார். ஆள் ஆறடி. மனைவியைக் காட்டி, மன்னரைக் காட்டி, வாசலைக் காட்டி, தன் பாஷையில் வெளுத்து வாங்கினார்.

மன்னருக்கு இது பழக்கமான இடம். வலது கை நெஞ்சுக்குப் போனது, தலை குனிந்தது. ஒன்பதில் ஏழாவது பாஷை, ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. கடைக்கார அம்மா பாதியில் நிறுத்தினார், மூக்கை உறிஞ்சினார், உள்ளே போய் அவருக்கு ஒரு காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"அவங்ககிட்ட எதுக்கு மன்னிப்பு?" என்றார் மனைவி. "நின்னது நான்."

"அது வந்து... உனக்கு சீட் நம்பர் இல்லல்ல. பட்டியல்ல முப்பத்திரண்டும் சரியாத்தான் இருந்துச்சு."

"ம்."

"டிரைவர் வேற அவசரப்படுத்தினான். நீயும் சீக்கிரம் வந்திருக்கலாம்."

"காரணம் சொன்னா அது என்னவோ சொன்னீங்களே, வகுப்புல. மறந்துபோச்சா?"

மன்னர் அவசரமாகச் சுற்றிப் பார்த்தார். கொக்கியில் தொங்கிய ஒரு நீலக் கழுத்துத்துணியை எடுத்துக் கல்லாவில் வைத்தார். மனைவி அதை எடுத்து மறுபடி கொக்கியிலேயே மாட்டினார். "வீட்ல இடமில்ல" என்றார்.

டாக்சி பாதி வழி வந்தது. அப்புறம் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "முதல் அரை மணி நேரம் அழுதேன். அப்புறம் பசிச்சுது. அந்தம்மா சாப்பிடக் குடுத்தாங்க. அவங்க பேசுனது ஒண்ணும் புரியல, ஆனா என்னப் பாத்துப் பேசுனாங்க." அவர் பக்கம் திரும்பி, "பொண்ணுகிட்ட சொன்னது விளையாட்டு இல்லங்க" என்றார்.

பஸ்ஸில் முப்பத்திரண்டு பேரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஏரியைப் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் வாத்துகளைப் பார்த்திருக்கிறார்கள். மனைவி நேராகப் பின்னால் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. மன்னர் மைக்கை எடுத்து, நெஞ்சில் கை வைத்து ஆரம்பித்தார். அவருடைய வாழ்நாளிலேயே சிறந்த மன்னிப்பு அது. பனியன்காரர் இருந்திருந்தால் பனியனை மறந்து அழுதிருப்பார். முட்டைத் தம்பதி மாதிரி இந்தக் குழுவிலும் இருந்த ஒரு ஜோடி கைதட்டக்கூடச் செய்தது. அந்தச் சூட்டோடு சூடாக மன்னர், "அப்படியே, என்னுடைய துணைவியாரிடமும் இந்தச் சந்தர்ப்பத்தில்..." என்றார்.

"மைக்க வச்சிட்டு வாங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மன்னர் மைக்கைப் பார்த்தார். வைத்தார். பஸ் ஆடிக்கொண்டிருந்ததால் இரண்டு பக்கமும் இருக்கைகளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. நெஞ்சில் வைக்கக் கை இல்லை, குனிந்தால் விழுந்துவிடுவார். ஒவ்வொரு வரிசையைத் தாண்டும்போதும் ஒரு காரணம் நாக்கு நுனிவரை வந்தது. பட்டியல், நம்பர், டிரைவர், கழிப்பறை வரிசை. ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு வந்து நின்றார். வெறுங்கையோடு அவள் முன்னால் நின்று அவருக்குப் பழக்கமே இல்லை.  என்னவோ சொன்னார். மிஞ்சிப் போனால் நாலு வார்த்தை இருக்கும், பாதி காற்றாகத்தான் வந்தது.

முன் வரிசைத் தலைமையாசிரியர் திரும்பிக் கை தூக்கினார். "சத்தமா சொல்லுங்க சார், கேக்கல!"

"எனக்குக் கேட்டுச்சு சார். நீங்க திரும்பி உக்காருங்க" என்று மனைவி அவர் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திணித்தார்.