காக்கித்தாளில் ஒரு வீடு

எத்தனை அவசரமானாலும் டெய்லரம்மா நேராகத் துணியில் கத்தரி வைக்க மாட்டார். முதலில் காக்கித்தாளில் அளவு வரைந்து வெட்டிப் பார்ப்பார். மாடியில் எட்டு வருஷம் குடியிருந்தவரின் இந்தப் பழக்கம் கீழே இருந்த வீட்டுக்காரருக்கும் தெரியும். அது தன்மீதே பாயும் என்றுதான் தெரியாது.

காலி செய்கிற அன்று வாசலில் சாமான் ஏற்றிய வண்டி நின்றது. அட்வான்ஸ் முழுசாகக் கைக்கு வந்தால்தான் புது வீட்டின் சாவி கிடைக்கும். வீட்டுக்காரரோ ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சில்லறையில் யாருக்கும் விட்டுக்கொடுத்தவரில்லை. நோட்டும் கையுமாக அறை அறையாகப் போனார்.

"சுவரெல்லாம் ஆணி ஓட்டை. தரையில விரிசல். கதவு நிலையைப் பாருங்க, உங்க பசங்க கீறி வச்சிருக்காங்க. அட்வான்ஸ்ல பாதி இதுக்கே போயிடும்மா."

டெய்லரம்மா வாசலுக்குப் போனார். வண்டியிலிருந்து ஒரு காக்கிச் சுருளை எடுத்துவந்து சுவரில் விரித்துப் பிடித்தார்.

"குடிவந்த அன்னைக்கே அளவெடுத்துட்டேன் சார்."

தாளிலிருந்த ஒவ்வொரு துளையிலும் ஒரு ஆணி ஓட்டை வந்து உட்கார்ந்தது. மயிரிழை பிசகவில்லை. இன்னொரு தாளில் தரை விரிசலும் அதன் கோணலோடு அப்படியே இருந்தது. மூலையில் தேதி, பக்கத்தில் வீட்டுக்காரருடைய கையெழுத்து. 'என்ன விளையாட்டும்மா இது' என்று சிரித்துக்கொண்டே அன்று அவர் போட்டதுதான். ஒரு வீட்டையே அளவெடுக்க எவ்வளவு பொறுமை வேண்டும்! சண்டைக்கு வந்ததே மறந்துபோய், மனிதர் வாயைப் பிளந்து நின்றார்.

"இந்த ஒரு ஓட்டை மட்டும் தாள்ல இல்ல. இது நான் போட்டது, பிடிச்சுக்குங்க," என்றார் டெய்லரம்மா.

கடைசித் தாள் கதவு நிலைக்கானது. ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு கோடுகள். ஆறும் பொருந்தின.

"குழந்தையோட உயரம் அளந்த கோடுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது சார். அதான் பெயின்ட் அடிக்க வந்தவரை நிலையைத் தொட விடல."

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். மாடியில் குடியிருந்த காலத்தில், பிறந்தநாள்தோறும் மகளை நிற்கவைத்து, வீட்டுச் சாவியால் அவரே கீறியவை. அந்த மகளுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. முதல் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"நானே மறந்துட்டேன்மா."

நோட்டிலிருந்த பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பணத்தை நீட்டினார். டெய்லரம்மா எண்ணிப் பார்த்தார். முழுசாக இருந்தது.

"அந்த ஒரு ஓட்டைக்கு?"

"அது அப்படியே இருக்கட்டும்மா. நீங்க இங்க இருந்தீங்கன்னு தெரியணும்ல."