பொட்டு வைத்த போர் விமானம்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கல்யாணப் பத்திரிகைகளுக்கு முகவரி எழுதியதற்கு மேல் எதுவும் எழுதிப் பழக்கமில்லை. நானும் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான்; படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூர் பீளமேட்டில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. அம்மாவின் தம்பியான மாமா அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் கடைசல் மிஷின் ஓட்டும் டர்னர். போர் விமான ஓவியங்கள் என்றால் அவருக்கு உயிர். டவுன்ஹால் பக்கம் பாய் ஒருவர் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை வைத்திருந்தார். சாமி படங்களுக்கு நடுவே வெளிநாட்டு ஓவியங்களின் அச்சுப்படங்களும் அவரிடம் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அண்ணனை மட்டும் அங்கே கூட்டிப்போய், உலகப்போர்க் காலத்து விமானம் ஒன்றின் படத்தை வாங்கிக் கொடுத்தார். மேகத்துக்குள்ளிருந்து சாய்ந்து திரும்புகிற விமானம். இறக்கையில் குண்டு துளைத்த ஓட்டைகள். விமானத்தின் முன்கண்ணாடிக்குள் ஓட்டுபவரின் முகம், சுண்டைக்காய் அளவு.

“எனக்கில்லீங்களா மாமா?” என்றேன்.

“பொம்பளப் புள்ளைக்கு ஏரோப்ளேன் எதுக்கு அம்மணி” என்று கோலப் புத்தகம் ஒன்றை நீட்டினார்.

அண்ணன் படத்தைக் கட்டிலுக்கு மேலே சுவரில் குண்டூசியால் குத்தி வைத்தான். நான் கிட்டே போனால், “மூச்சு படும், தள்ளி நில்லு” என்பான். எங்கள் வீட்டுக்கு மேலே தினமும் நிஜ விமானம் பறக்கும். அதைக் காட்டினால், “அதெல்லாம் டவுன் பஸ்ஸு” என்பான். அந்தச் சுண்டைக்காய் முகம் அவனை மட்டுமே பார்ப்பதாக எனக்குத் தோன்றும். சோறு இறங்காது.

ஆயுத பூஜை வந்தது. அம்மா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் என் கையில் கொடுத்து, வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைக்கச் சொன்னாள். தையல் மிஷின், சைக்கிள், அருவாமனை, இஸ்திரிப்பெட்டி என்று வரிசையாக வைத்தேன். பிறகு கட்டில்மேல் ஏறினேன். கட்டைவிரலால் சந்தனத்தை அள்ளி, அந்த முகத்தின் மேல் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். கண்ணாடி போடாத தாள். ஈரம் ஊறிச் சுருங்கியது.

அண்ணன் அலறிக்கொண்டு பொட்டைத் துடைக்க ஒரு துணியை எடுத்தான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வெச்ச பொட்ட அழிக்கக் கூடாது கண்ணு. அதும் மிஷின்தானே? அவ மொறையாத்தான் செஞ்சிருக்கா.”

பூஜைக்கு வந்த மாமா படத்தருகே வெகுநேரம் நின்றார்.

“நல்லாப் பாத்துத்தான் வெச்சிருக்கற அம்மணி. அத்தன பெரிய றெக்கை இருக்குது, வாலு இருக்குது. மூஞ்சி மேலயே வெச்சுப்போட்டயே.”

பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் இன்னொரு கை பொரி அள்ளிக் கொடுத்தார். நான் வேண்டுமென்றே செய்ததை அவர் கண்டுகொண்டார் என்பதும், கோலப் புத்தகத்தை நினைத்து அவருக்கே சங்கடமாகிவிட்டது என்பதும் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.

சாயங்காலம் அண்ணன் தெருப் பையன்களைக் கூட்டிவந்தான். “கோயமுத்தூர்லயே பூசை போட்ட போர் விமானம் இது ஒண்ணுதாண்டா” என்று காட்டினான். ஒவ்வொருவராகக் கட்டிலேறிப் பார்த்தார்கள். பொட்டு என்னுடையது, பெருமை அவனுக்கு. வயிறு முன்னைவிட எரிந்தது.

மறுநாள் மாமாவும் அண்ணனும் படத்துக்குக் கண்ணாடி போட டவுன்ஹாலுக்குப் புறப்பட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அவன் படத்துக்குத்தானே கண்ணாடி என்று நான் போகவில்லை.