எங்கள் ஒரு கிளப்புக்கு எதிரே

பச்சை அட்டையை மேசையில் வைக்கும்போது அவர் அதை இரண்டு விரல்களால் என் பக்கம் சற்றே நகர்த்துவார். பிரிட்ஜ் சீட்டாட்டத்தில், எத்தனை பிடி எடுப்போம் என்று அட்டை வைத்துக் கேட்கும் ஏலத்தில் பச்சை அட்டைக்கு ‘பாஸ்’ என்று பொருள். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பது. ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப் சூப்பர்வைசர் அவர், சேரப்பணஞ்சேரிக்காரர். லைனில் கம்ப்ரசர் சத்தத்தையும் தாண்டி ஒலிக்கும் குரல், ஷிப்ட் முடிந்து கேன்டீனை ஒட்டிய அறையில் என் இடப்பக்கம் உட்கார்ந்தால் அடங்கிவிடும். துணிச்சல் இல்லாத ஆட்டக்காரர் என்று அவரைப் பற்றி முடிவு கட்டியிருந்தேன்.

நானும் ஆலைத் தலைவரும் ஒரு ஜோடி, அவர் எதிர் ஜோடியில். நாங்கள் ஆடியது ‘வலுவான கிளப்’ முறை. அதில் ‘ஒரு கிளப்’ என்று ஏலத்தைத் தொடங்கினால் அது கிளாவர் சீட்டைப் பற்றிய பேச்சே அல்ல. ‘என் கையில் பெரிய சீட்டுகள் இருக்கின்றன, மெல்லப் பேசி நல்ல இடத்துக்குப் போவோம்’ என்று ஜோடிக்குத் தரும் தகவல். ஏலம் மேலே மட்டுமே போகும் என்பதால் அந்தப் பேச்சுக்கு இடம் வேண்டும். அதைப் பறிப்பதுதான் எதிரணியின் தற்காப்பு: கையில் பலம் இல்லாவிட்டாலும் ஒரே இனத்தில் நிறையச் சீட்டு சேர்ந்திருந்தால், ‘இரண்டு ஸ்பேட்’ என்று குறுக்கே குதித்து ஏலத்தை உயர்த்திவிட வேண்டும். இதைப் படித்திருந்தேன். எங்கள் அறையில் யாரும் செய்து பார்த்ததில்லை. ஆகவே எங்கள் ஏலம் தடையின்றிப் படியேறியது. நாங்கள் வென்றுகொண்டே இருந்தோம்.

அந்த வெற்றிகளை வைத்து, போன ஆண்டு மறைமலை நகரில் நடந்த கம்பெனிகளுக்கிடையிலான போட்டிக்கு எங்களையே தேர்ந்தெடுத்தார்கள். சூப்பர்வைசர் அந்த இடத்துக்கு ஏங்கியது எல்லோருக்கும் தெரியும். “கம்பெனி பேரு போட்ட சட்டையோட ஒரு தபா வெளிய போயி ஆடணும் சார்” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அவரும், அவருக்கு ஜோடியான திருநெல்வேலி டெக்னீஷியனும் மாற்று ஆட்டக்காரர்களாக வந்தார்கள்.

காலையில் முன்பின் தெரியாத இருவர் எங்கள் ஒவ்வொரு ‘ஒரு கிளப்’பின் மீதும் குதித்தார்கள். தடைக்கு நடுவே பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. படுதோல்வி. ஆலைத் தலைவர் தலைவலி என்று கிளம்பிவிட்டார். பிற்பகலில் மாற்று ஜோடி இறங்கியது. அவர்களுக்கு எதிரே இருந்தவர்களும் வலுவான கிளப் ஆடினார்கள். ‘இரண்டு ஸ்பேட்’ அட்டையை சூப்பர்வைசர் மேசையில் அறைந்த சத்தத்தில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. எந்த நேரத்தில் குதிக்க வேண்டும், எப்போது பதுங்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படியாக இருந்தது. அவர்கள் வென்றார்கள். ஆயினும் காலையில் நாங்கள் இழந்தது ஈடாகவில்லை, அணி வெளியேறியது.

திரும்பும் வேனில் டெக்னீஷியனுக்கு ஆறவில்லை. “அண்ணே, காலையிலயே நம்மள எறக்கியிருந்தா கப்பு நம்ம மடியிலல்லா இருந்துருக்கும்?”

“கம்முனு இருடா, சார் கீறாரு.”

எங்களோடு ஆடும்போது ஏன் இப்படிக் குதித்ததே இல்லை என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “இன்னா சார், மேனேஜருங்க பேசிக்கினு இருக்கும்போது எவனாவது நடுவுல பூந்து பேசுவானா? உங்க கூட ஆடுனா பாஸ்தான் சார் எங்க சிஸ்டம்.”

“அண்ணனுக்கு ஏழு ஸ்பேடு வந்தாலும் பாஸ்தான் சார்” என்றான் டெக்னீஷியன்.

நானும் சேர்ந்து சிரித்தேன். நான் அங்கே தொழிலாளர் நல அதிகாரி. குறைகேட்புக் கூட்டங்களில் ஆலைத் தலைவர் பக்கத்தில் அமர்ந்து, “ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்பவன், எதிரே நிலவும் மௌனத்தை மனநிறைவு என்று மேலிடத்துக்குத் தெரிவிப்பவன். அந்த மௌனங்களில் எத்தனை ஏழு ஸ்பேடுகள் புதைந்திருந்தன என்று இனி எப்படி அறிவேன்? என் திறமை என்று நினைத்தது அவர்களுடைய அச்சத்தின் மறுபக்கம். அதற்கு விலையாகப் போனது, அவர் ஆசைப்பட்ட அந்த ஒரு நாளின் கோப்பை.

இந்த ஆண்டு எங்கள் பெயரை விலக்கிக்கொண்டேன், அவர்கள்தாம் போகிறார்கள். போன வாரம் அவர்களுக்குப் பயிற்சியாக நானும் ஆலைத் தலைவரும் எதிரே அமர்ந்தோம். தயவு பார்க்காமல் ஆடுங்கள் என்று முன்கூட்டியே வேண்டிக்கொண்டேன். நான் ‘ஒரு கிளப்’ என்றேன். சூப்பர்வைசர் தம் சீட்டுகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஆலைத் தலைவரைப் பார்த்தார். ‘இரண்டு ஸ்பேட்’ வைத்தார். எங்கள் பேச்சு அங்கேயே குழம்பிற்று. தவறான ஏலத்தில் போய் நின்று தோற்றோம். மிகச் சரியான ஆட்டம் அது.

சீட்டுகளைச் சேர்க்கும்போது அவர் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: “சாரி சார்.”

யோசிக்கும் முன்பே, மன்னிப்பவன் குரலில் என் வாயிலிருந்து வந்துவிட்டது: “பரவாயில்லை.”