டீச்சர் கொடுக்காத ஓர் அனுமதி

அந்த அட்டவணை பழைய நாள்காட்டி அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. இடதுபுறம் வரிசையாகப் பதவிகள்: செய்திப்பிரிவு, விளம்பரம், கடற்கரை நிருபர், மலையோர நிருபர், அண்ணாச்சி. மேலே ஐந்து கட்டங்கள்: பார்க்க, படிக்க, சேர்க்க, நீக்க, துடைக்க. யார் எதைச் செய்யலாமோ அங்கே நீல மையில் ஒரு டிக், செய்யக் கூடாத இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அண்ணாச்சியின் வரிசையில் மட்டும் ஓரிடத்தில் வெள்ளை பூசி, காய்ந்த பிறகு அதன்மேல் மீண்டும் எழுதிய தடம் இருந்தது. நாகர்கோவிலில் எங்கள் நாளிதழ் அலுவலகத்தின் மாடியில், ஏசி ஓடாத அறையின் சுவரில் அது ஒட்டப்பட்டிருந்தது. அதை எழுதியவரை நாங்கள் டீச்சர் என்று அழைத்தோம்.

அவர் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். நெய்யூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியராக இருந்துவிட்டு எங்கள் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ள வந்தார். பள்ளி போயிற்று, டீச்சர் என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. காலை ஒன்பதரை பஸ்ஸில் வந்து இறங்குவார். கைப்பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு டப்பா சோறும் எப்போதும் இருக்கும். அதிகம் பேசமாட்டார். பேசும்போது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்த பொருளை வைத்தே பேசுவார்.

அவர் வருவதற்கு முன் மாவட்டம் முழுக்க இருந்த எங்கள் நிருபர்கள் எல்லோரும் ஒரே மெயில் முகவரிக்குத்தான் செய்தி அனுப்பினார்கள். அதன் பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும். ஒருவர் திறந்து படித்ததை இன்னொருவர் பார்த்தாயிற்று என்று விட்டுவிடுவார். மரண அறிவிப்பும் மீன் விலையும் ஒரே குவியலில் கிடக்கும். அலுவலகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய கணினியை டீச்சர் துடைத்து, அதையே மெயில் சர்வராக்கினார். ஆளுக்கொரு முகவரி, பகுதிக்கொரு பொது ஃபோல்டர், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் யாருக்கு என்ன அனுமதி என்று தனித்தனி வரையறை. காசு கொடுத்து ஒரு கம்பெனியின் பொருளை வாங்கியிருக்கலாமே என்று நான் கேட்டேன்.

“தபால் கவர எந்தக் கடையில வாங்குனாலும் போய்ச் சேருதுல்லா சார்? அது தபாலுக்கு எல்லாருக்கும் பொதுவா ஒரு விதி இருக்கதுனாலயாக்கும். மெயிலுக்கும் அப்படி ஒரு விதி உண்டு. அதுல நின்னா, நாளைக்கு எந்த மென்பொருளுக்கு மாறுனாலும் நம்ம மெயில் நம்மகிட்ட இருக்கும்” என்றார். ஓப்பன் ஸ்டாண்டர்ட் என்ற சொல்லை அன்றைக்கு ஒருமுறை சொன்னார். அப்புறம் எங்களிடம் அவர் அதைச் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம் என்று தெரிந்திருக்கும்.

அண்ணாச்சி பத்திரிகையின் உரிமையாளர். அவரும் மெயில் பார்ப்பார். மாலையில் பக்கங்கள் அச்சுக்குப் போன பிறகு உட்கார்ந்து, நிருபர்கள் அனுப்பியதையெல்லாம் மூலத்திலேயே படிப்பார். படித்து முடித்ததும் ஒவ்வொன்றாக அழிப்பார். சாப்பிட்ட இலையை மூடாமல் எழுந்திருக்கக் கூடாது என்பதுபோல ஓர் ஒழுங்கு அது. மறுநாள் எங்களுக்கு ஏதாவது சரிபார்க்க வேண்டியிருந்தால் மெயில் இருக்காது. அதனால்தான் டீச்சர் அட்டவணையில் அவருக்கு முதல் இரண்டு கட்டங்களில் மட்டும் டிக் போட்டிருந்தார். அண்ணாச்சி மாடியேறி வந்து அதை மூக்குக்கண்ணாடி வழியாகப் படித்தார்.

“ஏன் பிள்ளே, எனக்க ஆபீஸ்ல நான் வாசிக்க மட்டுமாக்கும்?”

“பாதுகாப்புக்கு அண்ணாச்சி.”

“யாருகிட்ட இருந்து? எனக்கிட்ட இருந்தா?”

எங்கள் ஊரில் மூத்தவருக்கு ஒன்றைக் கொடுப்பது அவர் அதைப் பயன்படுத்துவதற்காக மட்டுமல்ல. கல்யாண வீட்டில் சர்க்கரை நோயாளிக்கும் பாயசம் விளம்பித்தான் ஆக வேண்டும். குடிப்பதும் விடுவதும் அவர் பாடு. பரிமாறாமல் கடந்து போனால் அந்த உறவு முடிந்தது. அண்ணாச்சிக்கு அழிக்கும் உரிமை வேண்டும் என்று செய்திப்பிரிவில் எல்லோருமே சொன்னோம். நிருபர்கள் எழுதுவதைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் நானும் சொன்னேன். மறுநாள் அட்டவணையில் அவருடைய ‘நீக்க’ கட்டத்தில் வெள்ளை பூசி டிக் போடப்பட்டிருந்தது. டீச்சர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தோம்.

அதன் பிறகும் அண்ணாச்சி அழித்த மெயில் எப்போதாவது தேவைப்படும். டீச்சரிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்துவிடும். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வருகிறவரை யாரும் தொட்டியைப் பார்ப்பதில்லை.

மூன்று ஆண்டுகள் இப்படிப் போயின. ஒரு மழைக்கால மாலையில், கடற்கரைச் செய்திகளைப் பார்த்துவந்த கடியப்பட்டணம் நிருபரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மூன்று பேர் போன வள்ளம் ஒன்று கரை சேரவில்லை. அனுப்பிவிட்டு அவரும் தேடப் போன படகில் ஏறிவிட்டார். அவருக்கு மீன் ஏலம் கூறுவதுதான் தொழில். செய்தி எழுதுவது கூடுதல். அதே மாலையில் வேறொரு கடற்கரை ஊரிலிருந்து ஒருவர் போனில், உடைந்த பலகை ஒன்று மிதந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். மறுநாள் எங்கள் முதல் பக்கத்தில் வந்த தலைப்பு: மூன்று மீனவர் பலி.

பத்திரிகை ஊருக்குப் போய்ச் சேர்ந்து நான்கு மணி நேரம் கழித்து அந்த மூவரும் கரையேறினார்கள். எஞ்சின் பழுதாகி மிதந்தவர்களைக் கேரளத்துப் படகு ஒன்று கட்டி இழுத்து வந்திருந்தது. மூவரில் ஒருவர் நேராகச் சாயாக்கடைக்குப் போய், தேடிவிட்டுத் திரும்பி அங்கே உட்கார்ந்திருந்த எங்கள் நிருபரிடம், “செத்தவன் வந்திருக்கேன், ஒரு சாயா சொல்லுலே” என்றாராம். கூட்டம் சிரித்தது. அவருடைய மனைவி சிரிக்கவில்லை. காலையிலிருந்து அழுது தொண்டை கட்டிப்போயிருந்தவர் கடைவாசலில் வந்து நின்று, “கடலு கூட உசிரோட விட்டுது, நீயாக்கும் எனக்க மாப்பிளய கொன்னது” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கரையில் எங்கள் நிருபர் கூறிய ஏலத்துக்கு யாரும் மீன் கொண்டுவந்து வைக்கவில்லை.

அவர் நாகர்கோவிலுக்கு வந்தார். கரை திரும்பவில்லை என்றுதான் எழுதினேன், பலி என்று எழுதவில்லை என்றார். நிரூபிக்க அவரிடம் எதுவும் இல்லை. அவர் போனில் இருந்த மெயில் மென்பொருள், அனுப்பியவற்றின் பிரதியைப் போனிலேயே வைத்துக்கொள்ளும் வகை. தேடப் போன இடத்தில் போன் கடல்நீரில் நனைந்து செத்திருந்தது. கடற்கரை ஃபோல்டரைத் திறந்தோம். அந்த மெயில் இல்லை. அண்ணாச்சி வழக்கம்போல் அது வந்த மாலையே படித்து அழித்திருந்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்பது அவருக்கும் நினைவில்லை.

“நீரு திருத்துன செய்திதானவே? அவன் எப்படி எழுதியிருந்தான்?” என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டார்.

“சரியா ஞாபகம் இல்ல அண்ணாச்சி.”

அது பொய் அல்ல. அன்று மாலை நான் முப்பது செய்திகளைப் பார்த்திருந்தேன். ஆனால் நினைவில்லை என்பதை, நிருபர் பலி என்றுதான் எழுதியிருப்பார் என்று மாற்றிக்கொள்ள எனக்கு அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது. டீச்சர் தங்கையின் திருமணத்துக்காக நான்கு நாள் விடுப்பில் இருந்தார். அவரை ஒருமுறை போனில் கேட்டிருந்தால் போதும். கல்யாண வீட்டில் இருப்பவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று சொல்லிக்கொண்டேன். நிருபரின் அடையாள அட்டையை அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கழுத்திலிருந்து அதைக் கழற்றும்போது நாடா காதில் மாட்டிக்கொண்டது. விடுவித்துக் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கினார்.

டீச்சர் கல்யாணப் பலகாரமான முந்திரிக்கொத்து நிறைந்த டப்பாவோடு திரும்பி வந்தார். நடந்ததைக் கேட்டதும் டப்பாவை மூடி வைத்துவிட்டுத் தன் இருக்கைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். எங்கள் மேசைகளில் இருந்தது ஒரு மென்பொருள், அவர் பயன்படுத்தியது வேறொன்று, பழசு. அவருடைய திரையில் கடற்கரை ஃபோல்டர் நிறைந்திருந்தது. நாங்கள் இல்லை என்று நினைத்த மெயில்கள் எல்லாம், நடுவில் ஒரு கோடு போடப்பட்டு, வரிசையாக நின்றன.

“அழிக்கதுன்னு நாம சொல்லுதது ரெண்டு வேலை சார். ஒண்ணு கோடு போடுதது, அட்டையில ‘நீக்க’ன்னு இருக்கது. இன்னொண்ணு கூட்டி அள்ளுதது, அது ‘துடைக்க’. அண்ணாச்சிக்கு நான் கோடு போட மட்டுந்தான் அனுமதி கொடுத்திருக்கேன். கோடு போட்டத உங்க மென்பொருளு மறச்சிரும், அனுமதி என்னன்னும் அது காட்டாது. அதனால அவருக்கு எல்லாம் போன மாதிரி இருக்கும்.”

அந்த மெயிலைத் திறந்தார். நான்கு வரி. முதல் வரியில் மூவரின் பெயர்கள். பிறகு: ‘இதுவரை கரை திரும்பவில்லை. தேடும் பணி நடக்கிறது. பெயர்களை இப்போது போட வேண்டாம், வீட்டார் பயந்துவிடுவார்கள்.’ பெயர்களையும் நாங்கள் போட்டிருந்தோம். நான் போட்டிருந்தேன்.

டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கப்பிலிருந்து எடுத்ததாகச் சொல்லிவிடலாமே, அண்ணாச்சிக்கு அந்த அனுமதி விஷயம் தெரிய வேண்டியதில்லையே என்றேன். அது டீச்சருக்காகச் சொன்னது என்று அப்போது நினைத்தேன்.

“மூணு வருஷமா ஒரு பொய்ய வச்சு ஒப்பேத்தியாச்சு சார். ஒரு ஆளுக்க பேரு போன காரியத்துல இன்னொண்ணு வேண்டாம். பேக்கப்புன்னு சொன்னா, நீ எழுதி வச்சதுதானேன்னு யாராம் கேப்பாங்க. சர்வர்ல அது இருக்க மாதிரியே, கோட்டோட காட்டணும்.”

அண்ணாச்சியை மாடிக்கு வரச் சொன்னோம். அவர் நான்கு வரியையும் வாய்விட்டுப் படித்தார். பலி என்று மாற்றியதும் பெயர்களைப் போட்டதும் நான்தான் என்றேன். “அவசரத்துல வாறதுதானவே, ஒரு வார்த்த. நாளைக்கே திருத்தம் போட்டுரும். அவன வரச் சொல்லும்” என்றார். அவ்வளவுதான். நான்கு நாள் நான் சுமந்ததை அவர் அரை நிமிடத்தில் இறக்கி வைத்துவிட்டார். பிறகுதான் அந்தக் கோட்டைப் பார்த்தார்.

“இது நான் அழிச்சதாச்சே.”

“ஆமா அண்ணாச்சி.”

“பின்ன எப்படி நிக்கி?”

டீச்சர் என்னிடம் சொன்ன அதே சொற்களில் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

“அப்போ மூணு வருஷமா நான் அழிச்சது ஒண்ணும் அழியல்ல?”

“மாசம் ஒருக்கா நான் பாத்து, வேண்டாதத மட்டும் அள்ளுவேன்.”

“பஸ்ல பிள்ளைகளுக்கு விளையாட்டு ஸ்டியரிங் கொடுத்து உக்கார வைக்க மாதிரி” என்றார் அண்ணாச்சி. குரல் உயரவில்லை. “கொள்ளாம் டீச்சரே, நல்லாருக்கு.” கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். தப்பு செய்த நான் அங்கேயே நின்றேன். அந்தத் தப்பு மறையாமல் காத்தவரைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் திருத்தம் முதல் பக்கத்தில் வந்தது. நிருபர் எழுதியது சரி, அலுவலகத்தில் நேர்ந்தது பிழை என்று நானே எழுதினேன். கடியப்பட்டணத்தில் அவர் அந்தப் பக்கத்தைச் சாயாக்கடை மேசையில் விரித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார் என்று கேள்விப்பட்டேன். கரையில் அவருக்கு மறுபடி ஏலம் கூற மீன் வர அதற்குப் பிறகும் சில வாரங்கள் ஆயின.

இரண்டு மாதத்தில் ஒரு கம்பெனி ஆள் வந்தார். மெயில், பக்க வடிவமைப்பு, படங்கள் எல்லாம் ஒரே மென்பொருளில். ஃபோல்டருக்குத் தனித்தனி அனுமதி உண்டா என்று டீச்சர் கேட்டார். “அதெல்லாம் எதுக்கு மேடம், மொத்த ஆபீஸுக்கும் ஒரே லாகின்” என்றார் அவர். மெயில்களை வெளியே எடுத்து வேறொரு மென்பொருளில் திறக்க முடியுமா என்று டீச்சர் கேட்டார். அந்த வசதி மென்பொருளின் அடுத்த பதிப்பில் வரும் என்றார் கம்பெனி ஆள். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். டீச்சரை யாரும் போகச் சொல்லவில்லை. அவருக்குச் செய்ய வேலை இல்லாமல் போயிற்று. பழைய மெயில்களையெல்லாம் ஒரு டிஸ்கில் போட்டு என்னிடம் தந்தார். “இத எந்த மென்பொருள்லயும் திறக்கலாம் சார். யாராம் கேட்டா சொல்லுங்க.” யாரும் கேட்கவில்லை. இப்போது வீட்டிலிருந்தே வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறார் என்று சொல்கிறார்கள். எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிட்டு வர, அவர் இருக்கும் நெய்யூர் ஒன்றும் தூரம் இல்லை. போகவில்லை. போய் என்ன சொல்வது என்று யோசிக்கும்போதே களைப்பாக இருக்கிறது.

இப்போது எங்கள் பாஸ்வேர்டு கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் தெரியும். அண்ணாச்சிக்குப் பார்வை மங்கிவிட்டது, மெயில் படிப்பதில்லை. ஆனாலும் தினம் ஏதாவது ஒரு மெயில் காணாமல் போகிறது. யார் அழித்தது என்று தெரிவதில்லை. தேடுவதையும் விட்டுவிட்டோம். மறுபடி அனுப்பச் சொல்கிறோம்.

கடியப்பட்டணம் நிருபர் மட்டும் ஒவ்வொரு மாலையும் செய்தியை அனுப்பிவிட்டு உடனே போன் செய்கிறார். “அனுப்பிட்டேன் சார். வாசியுங்க.” நான் முதலிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசிக்க வேண்டும். ஒரு சொல்லில் தயங்கினாலும் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொல்வார். மீன் விலைக்கும் அப்படித்தான், பாலம் பழுதானாலும் அப்படித்தான். போன வாரம் எனக்குத் தலைவலி.

“இத்தன வருஷம் ஆச்சு. இன்னும் எம்மேல நம்பிக்கை வரலியா?” என்றேன்.

“அப்படி இல்ல சார்” என்றார். அவருக்குப் பின்னால் யாரோ ஏலம் கூறிக்கொண்டிருந்தார்கள். “டீச்சர் அங்க இருந்தா நான் கூப்பிட மாட்டேன்.”

நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.