ஏற்றத்தில் பின்னால் நகர்ந்தவன்

போன வெள்ளிக்கிழமை நான் ஒரு குதிரையைக் கொன்றேன். சவுக்கை எடுக்கவில்லை, கல்லை எறியவில்லை... உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு முழம் நகர்ந்தேன். அவ்வளவுதான்!

போன மாதம் இதே பக்கத்தில் ஜட்கா குதிரைகளின் கஷ்டத்தைப் பற்றி உருகி உருகி எழுதியவனும் நானேதான். 'அழவைத்துவிட்டீர்கள்' என்று கடிதம் போட்டீர்களே, அதே ஆசாமி.

சேலத்திலிருந்து ராசிபுரத்துக்கு பஸ்ஸில் கிளம்பினேன். யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதிலிருந்து பஸ்கள் கரியைப் போட்டு ஓடுகின்றன - ஓடுகின்றன என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பாதி வழியில் நின்றுவிட்டது.

நல்லவேளையாக, காலி ஜட்கா ஒன்று வந்தது. நான், டின்களோடு ஒரு நெய் வியாபாரி, ஒரு நெசவாளர் - மூன்று பேரும் ஏறிக்கொண்டோம். வண்டிக்காரர் பெயர் மாரப்பன். குதிரை, செவலை நிறத்தில் ஒரு பெண்குதிரை.

"ரெண்டு குதிரை வெச்சிருந்தனுங்க. ஒண்ணு ஐப்பசியில வயித்துவலி வந்து போயிருச்சு. இப்ப எங்க ஊட்ல அஞ்சு பேரும் இவ முதுகுலதானுங்க உக்காந்திருக்கறோம்" என்றார், சிரித்துக்கொண்டே.

முதுகு என்றதும் எட்டிப் பார்த்தேன். சேணத்துக்கு அடியில் நெல்லிக்காய் அளவு புண். அதில் சேணம் உரசாதபடி இரண்டு பக்கமும் கோணித்துணியை மடித்து வைத்து, நடுவில் பள்ளம் விட்டிருந்தார். கவனமான மனுஷன். நான் அந்தக் கவனத்தையா பார்த்தேன்? புண்ணைத்தான் பார்த்தேன்!

"இப்படிப் புண்ணோடு வண்டியில் பூட்டலாமா?" என்று கேட்டேன்.

"ஆறிட்டு வருதுங்க. பாரம் சரியா நின்னா அதும்மேல படாதுங்க."

எனக்குத் திருப்தியில்லை. மனசு அடித்துக்கொண்டது. அப்போதுதான் அந்த மேடு வந்தது. மாரப்பன் குதித்து இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தமுங்க! அல்லாரும் முன்னால நவுந்து வாங்க, சாமி!" என்று குரல் கொடுத்தார்.

வியாபாரியும் நெசவாளரும் பழக்கதோஷத்தில் முன்னால் நகர்ந்தார்கள். நான் யோசித்தேன். முன்னால் போனால் பாரம் புண்ணின் மேலல்லவா விழும்? ஒரு முழம் பின்னால் நகர்ந்தேன். அதோடு விட்டேனா... "வாயில்லா ஜீவன் ஐயா! நீங்களும் பின்னால் வாருங்கள், டின்களையும் தள்ளுங்கள்" என்று ஒரு பிரசங்கம் வேறு! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பின்னால் வந்தார்கள்.

வண்டியின் முன்பக்கம் மேலே எழும்பியது. வயிற்றுக்குக் கீழே கட்டியிருந்த வார் இறுகி, குதிரையைத் தூக்கியது. "முன்னால வாங்க! அய்யோ, முன்னால வாங்க!" என்று மாரப்பன் கத்தினார். முன்னங்கால்கள் சரளைக்கல்லில் வழுக்கின. முட்டி மடங்கி, குதிரை பக்கவாட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

நெசவாளர்தான் விளக்கினார். "முன்னால பாரம் இருந்தாத்தானுங்க ஏத்தத்துல குதிரைக்குக் கால் ஊனும். பின்பாரம் ஆனா வாரு வயித்த நெரிச்சுப்போடுமுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரிந்துமா பின்னால் வந்தீர்கள்?"

"படிச்சவிய நீங்க சொல்றீங்களேன்னு வந்தமுங்க."

நம் ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடிக்கு இருக்கிற மரியாதையைப் பாருங்கள். பிறந்ததிலிருந்து ஜட்காவில் போகிறவர்கள், வாழ்நாளில் ஒரு வாரைக்கூடக் கட்டியறியாதவன் பேச்சைக் கேட்டார்கள்!

மாரப்பன் யாரையும் திட்டவில்லை. வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கடிவாளத்தைக் கழற்றிவிட்டு, குதிரையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அது தலையைத் தூக்கித் தூக்கி எழப் பார்த்தது. கால் முறிந்த குதிரை பிழைக்காது; அதன் வலியை முடிக்க, பக்கத்து ஊர் மணியகாரரின் துப்பாக்கியை வாங்கிவர, வழியில் வந்த ஓர் ஆள் ஓடினான்.

நான் மாரப்பன் அருகில் போய்க் குனிந்து, "மன்னிச்சுடுங்க. அதுக்கு வலிக்குமேன்னு நினைச்சுத்தான்..." என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. குதிரையின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அவ்ளோ எரக்கமா இருந்தா, எறங்கி நடந்திருக்கலாமுங்களே, சாமி."

அந்த ஏற்றம் நூறு கஜம்கூட இருக்காது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை.